மாப்பிள்ளை மூட்டிய ஸ்பிரிட் அடுப்பு

"ஸ்பிரிட் அடுப்பா, கேஸ் அடுப்பான்னு கேக்கறாராம்" என்றாள் அம்மா, கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பொண்ணு என்ன படிச்சிருக்கு, ஏன் இத்தனை வயசாகியும் கல்யாணம் ஆகல, கொஞ்சம் கோவக்காரியாமே, நிஜமா? அடுப்பைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை என் ஆயுசில் எந்த மாப்பிள்ளையும் கேட்டதில்லை.

"ஸ்பிரிட்டுன்னு சொல்லும்மா! அடுப்பு, விண்ட் ஸ்கிரீன், ஸ்டாண்டு எல்லாம் அவரே கையால செஞ்சதா இருக்கணும். கடையில வாங்கினது ஒண்ணுகூட ஆகாதுன்னு சொல்லு!"

"கத்தாதடி, அவங்கம்மாவுக்குக் கேக்குது."

கேட்கட்டுமே! எனக்கு இருந்த குஷியில் மாப்பிள்ளையின் ஊரான சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் கைப்பேசி இல்லாமலே கேட்டிருக்கும்.

என் பெயர் தனேஸ்வரி. புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடுகிற இடத்தில் எனக்கு வேலை. வாரம் முழுக்க லோரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவேன். விடுமுறை கிடைத்தால் கூட்டாளிகளோடு மலை ஏறிவிடுவேன். மேலே போய்த் தேத்தண்ணி குடிப்பதற்காக அடுப்பையும் நானே செய்துகொள்வேன். இரண்டு குளிர்பான டின்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பில் ஊசியால் துளை போட்டு, நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்ற வைத்தால் உள்ளங்கையில் அடங்குகிற அடுப்பு தயார். அடுப்பு செய்வது பெரிய வித்தை இல்லை. அதைக் காற்றில் எரிய வைப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். சுற்றிலும் மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து நிறுத்த வேண்டும். அதுதான் விண்ட் ஸ்கிரீன், காற்றுத் தடுப்பு. சட்டி நெருப்பை அமுக்காமலும், நெருப்பை விட்டு எட்டிப் போகாமலும் உட்கார ஒரு தாங்கி வேண்டும். அதுதான் ஸ்டாண்டு. இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் எந்தக் காற்றிலும் தண்ணீர் கொதிக்கும். அமையாவிட்டால் ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் தீரும், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது.

இதைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடையாது. என் அறையில் கிடக்கிற தகடுகளையும் கம்பிகளையும் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக் கடைக்காரனுக்குத்தான் உன்னைக் கட்டி வைக்கணும்" என்பாள் அம்மா.

கட்டி வைக்கிற முயற்சியும் நடந்துகொண்டுதான் இருந்தது. யாராவது பெண் பார்க்க வருவார்கள். நான் சேலையைச் சுற்றிக்கொண்டு, தேத்தண்ணித் தட்டோடு, தலையைக் குனிந்தபடி வந்து நிற்க வேண்டும். கடைசியாகப் புக்கிட் செந்தோசாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ உள்ள போய் நடந்து வாம்மா" என்றார். நான் தட்டை மேசையில் வைத்தேன். "நீங்க மொதல்ல நடந்து காட்டுங்க ஆன்ட்டி, பாத்துக் கத்துக்கறேன்" என்றேன். வந்தவர்கள் பலகாரத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். அப்பா மட்டும் அந்தப் பலகாரத்தை உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி செத்தாலும் தட்டுத் தூக்க மாட்டேன். எவனுக்கு என்னைக் கட்டிக்கொள்ள ஆசையோ அவன் வெட்டவெளிக்கு வரட்டும், காற்றில் அடுப்பு மூட்டட்டும், எனக்கு ஒரு கோப்பை தே ஓ, அதாவது பாலில்லாத தேத்தண்ணி, போட்டுக் கொடுக்கட்டும். கொடுத்தால் பேசலாம். இல்லாவிட்டால் நடையைக் கட்டட்டும்.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "சரிடி. சுங்கை ஆயர் தாவார்ல ஒரு பையன் இருக்கான், புவனேசன்னு பேரு. இத அப்படியே அவங்க கிட்டச் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. இதுவும் அமையலன்னா, அடுத்த தடவ நீ தட்டுத் தூக்கற. சேல கட்டிக்கிட்டு, வாய மூடிக்கிட்டு, யாரு நடக்கச் சொன்னாலும் நடக்கற. சம்மதமா?"

கோபத்தில் சம்மதம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எந்த மாப்பிள்ளையும் இதற்கு ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்ற தைரியத்தில் அம்மா கேட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. பயமும் வந்தது. அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது. ஸ்பிரிட்டா, கேஸா!

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. அவர் வயல்களுக்கு மருந்து தெளிக்கிற டுரோன் ஓட்டுபவர் என்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் காற்றோடு தினமும் பழகுகிறவர். தகட்டை எதில் வெட்டியிருப்பார்? தாங்கிக்குக் கம்பிவலையா, சைக்கிள் கம்பியா? ஆசைப்படாதேடி தனேசு, பார்க்காத மனிதர் மேல் ஆசைப்படாதே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கேட்டால்தானே?

ஞாயிற்றுக்கிழமை மாலை பந்தாய் ரேமிஸ் கடற்கரையில் காற்று என்றால் அப்படியொரு காற்று. பட்டம் விற்கிறவனின் பட்டங்கள் எல்லாம் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு போகத் துடித்தன. அப்பா விரித்த பாய் இரண்டு முறை பறந்து, சுட்ட மீன் விற்கிற கடைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அம்மா பட்டுச்சேலை. நான் பருத்திச் சுடிதார்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு இதான் கெடச்சுதா?"

"இன்னிக்கு நான்தாம்மா மாப்பிள்ளை பாக்கறேன். அவரு என்ன கட்டிட்டு வர்றாருன்னு பாப்போம்."

அவர் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். ஒரு பழைய பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். ஒல்லி. கறுப்பு. வெயிலில் காய்ந்த முகம். பின்னாலேயே அவருடைய அம்மா அன்பரசி ஆன்ட்டி, தலை நிறையப் பூவும் கையில் பெரிய பையுமாக வந்தார். அவருடைய அப்பா இல்லை, தவறிப்போய்ப் பல வருடமாம்.

வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் என் அம்மா வழக்கப்படி ஆரம்பித்தாள், "வர்ற வழியெல்லாம் ரோட்டுல ஜாமா?" அவர் பதில் சொல்லிக்கொண்டே பிஸ்கட் டின்னைத் திறந்தார். எனக்குக் கழுத்து நீண்டுவிட்டது.

முதலில் வந்தது தரையில் பதிக்கிற சதுர ஓடு ஒன்று, தரையோடு. மணலில் அடுப்பு சாய்ந்துவிடாமல் கீழே வைப்பதற்கு. சபாஷ் என்று மனசுக்குள் சொன்னேன். அடுத்து அடுப்பு. அடுத்து, சுருட்டி வைத்திருந்த தகடு. அதை விரித்தபோது உட்புறம் பாதி அழிந்த சிவப்பு எழுத்தில் 'விற்பனைக்கு' என்று மலாயில் எழுதியிருந்தது. வயலோரம் கிடந்த நிலம் விற்கிற பலகையாம்.

அப்பா எட்டிப் பார்த்தார். "விக்கறது அடுப்பையா, மாப்பிள்ளையவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கை பட்டால் கிழித்துவிடும். அவர் மேலும் கீழும் ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தட்டி, ஒரு குழந்தையிடம் கொடுத்தாலும் வெட்டாதபடி ஆக்கியிருந்தார். அடியில் வரிசையாக வட்டத் துளைகள், நெருப்புக்குக் காற்று போக. ஆபீஸில் காகிதத்துக்குத் துளை போடுகிற கருவியால் குத்தியிருக்கிறார்! எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது?

தாங்கி மூன்று சைக்கிள் கம்பிகளை வளைத்துச் செய்தது. மூன்று கால். எங்கே வைத்தாலும் ஆடாது.

"பர்னருக்கும் சட்டிக்கும் எவ்ளோ கேப் விட்டிருக்கீங்க?" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு விரல்."

"ஜாஸ்தி. இந்தக் காத்துல நெருப்பு சாஞ்சிரும், சட்டியத் தொடாது. ஒன்றரை போதும்."

"ஒன்றரைன்னா நெருப்பு மூச்சு முட்டிப் போகும்ங்க. மஞ்சளா எரியும், சட்டி கரி புடிக்கும்."

"என் சட்டி இன்னிவரைக்கும் கரி புடிச்சதே இல்ல."

"நீங்க மலையேறுவீங்கன்னு சொன்னாங்க. அங்க மரத்துக்கு மறைவுல வைக்கறீங்க. நான் வெட்டவெளி வயல்ல வைக்கறவன்."

"யாரு மறைவுல வைக்கறா? உச்சியில வைக்கறேன் நான்! சரி, ஸ்கிரீன ஏன் சட்டியோட ஒட்ட வச்சிருக்கீங்க? சுத்தி ஒரு விரல் இடம் விடணும்."

"விட்டா சூடெல்லாம் வெளிய போயிரும்."

"விடலன்னா பின்னால சூசா ஆகும், கஷ்டப்படுவீங்க, சொல்லிட்டேன்."

"ஆகாதுங்க. பாருங்களேன்."

"ஐயோ, வந்ததும் வராததுமா ரெண்டும் சண்ட போடுதுங்களே!" என்று அம்மா வாயில் கையை வைத்தாள். அன்பரசி ஆன்ட்டி மகனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். சண்டையா இது? இரண்டு விரலா ஒன்றரையா என்று என்னோடு சரிக்குச் சரி நிற்க ஓர் ஆள் இந்தப் பூமியில் இருக்கிறார்! அவருடைய கண்ணிலும் ஒரு மினுக்கம் இருந்தது. அவருக்கும் பேச ஆள் கிடைத்ததில்லை போலிருக்கிறது.

ஸ்பிரிட்டை ஊற்றி, முதுகைக் கடல் பக்கம் திருப்பிக் காற்றை மறைத்துக்கொண்டு பற்ற வைத்தார். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று பார்க்க, காய்ந்த சவுக்கு இலை ஒன்றை எடுத்து மேலே நீட்டினார். நுனி பிடித்துக்கொண்டது. நானும் அப்படித்தான் செய்வேன், புல்லை வைத்து. சட்டியில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றித் தாங்கி மேல் வைத்து, தகட்டைச் சுற்றி வளைத்துக் கொக்கி மாட்டினார். தகடு சட்டியை ஒட்டிக்கொண்டு நின்றது.

காற்று வந்து மோதியது. தகடு விறைத்து நின்றதே ஒழிய அசையவில்லை. சிறிது நேரத்தில் தண்ணீரின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். இந்தக் காற்றில், இவ்வளவு சீக்கிரம்! ஜெயித்துவிடுவார், ஜெயித்துவிடுவார் என்று என் மனசு கத்தியது. நான் முகத்தை மட்டும் உம்மென்று வைத்திருந்தேன்.

அப்போதுதான் அன்பரசி ஆன்ட்டி பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். கறந்த பசும்பால்.

"ரெண்டு குடும்பம் மொத மொத ஒண்ணா உக்காந்து அடுப்பு மூட்டியிருக்கு. வெறுந்தண்ணியா வைப்பாங்க? நகரு தம்பி."

"அம்மா, தே ஓதான்மா டீலு…"

"டீலாவது கீலாவது. நல்ல காரியம் பேச வந்த எடத்துல பால் பொங்கணும்டா."

"அதானே!" என்றாள் என் அம்மா. "எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்தார். ஆன்ட்டி அந்தத் தண்ணீரிலேயே பாலை ஊற்ற, சட்டி விளிம்புவரை நிரம்பியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா இந்த மனிதருக்கு? அம்மா இன்றைக்குப் பாலை ஊற்றினால் நகர்வார். நாளைக்கு என்னை நடந்து காட்டச் சொன்னாலும் இப்படித்தான் நகர்ந்து உட்காருவார். நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண் கரித்தது. உப்புக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். பொய்தான்.

ஆனாலும் பால் கொதிக்கிற சத்தம் கேட்டதும் திரும்பாமல் இருக்க முடியவில்லை. பால் முதலில் நடுவில் குழிந்தது. பிறகு ஓரமெல்லாம் நுரைத்து மெல்ல எழும்பியது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டியைச் சுற்றிக் குனிந்தோம். அவர் கொக்கியைக் கழற்றி நெருப்பைக் குறைக்கப் பார்த்தார். தகடு சூட்டில் இறுகிச் சட்டியோடு கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. புஸ்ஸென்று பால் பொங்கி வழிந்தது.

"பொங்கிருச்சு! பொங்கிருச்சு!"

அம்மா குலவையிட்டாள். கடற்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அப்பா பாய் பறந்து போவதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து நின்று கை தட்டினார். அன்பரசி ஆன்ட்டி என் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "சம்மந்தி!" என்றார். "சம்மந்தி!" என்றாள் அம்மாவும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தை மாதமே வைத்துக்கொள்ளலாமா, கோலா சிலாங்கூரில் மண்டபம் கிடைக்குமா, எத்தனை பேருக்கு அழைப்பு என்று மளமளவென்று பேச்சு ஓடியது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. யாருக்குடா கல்யாணம்? ஒரு போத்தல் பால் முடிவு பண்ணுமா, நான் யாரோடு குடித்தனம் பண்ணுவதென்று? கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் அன்பரசி ஆன்ட்டி பொங்கிய பாலைத் தொட்டு நெற்றியில் வைக்கலாம் என்று சட்டியின் மேல் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!"

நானும் அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஆன்ட்டி கையை இழுத்துக்கொண்டார்.

"நெருப்பு கண்ணுக்குத் தெரியாதுமா. அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும்" என்று சொல்லி, அவர் ஒரு சவுக்கு இலையை எடுத்துத் தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே விட்டார். எடுத்துப் பார்த்தார். இலை அப்படியே இருந்தது. மறுபடி விட்டார். நுனி ஈரமாக வெளியே வந்தது, பால்.

இந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பால் பொங்கிவிட்டது, அம்மாக்கள் கட்டிப்பிடித்துவிட்டார்கள், மண்டபம்வரை போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து நின்றார்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. நல்ல சகுனம்னு எல்லாம் சொல்லாதீங்க. அடுப்பு அணைஞ்சுபோச்சு. ஸ்கிரீன ஒட்டி வச்சதால வழிஞ்ச பால் வெளிய போக வழியில்லாம நேரா பர்னருக்குள்ள எறங்கிருச்சு. இவங்க அப்பவே எடம் விடச் சொன்னாங்க, நான்தான் கேக்கல. தே ஓ போட்டுக் குடுக்கறேன்னு வந்தேன், குடுக்கல. நான் தோத்துட்டேன்."

"டேய், அணைஞ்சுதுன்னு சொல்லாதடா!"

"அணைஞ்சுதும்மா. பால ஊத்தும்போதே வேணாம்னு நான் கண்டிப்பா சொல்லியிருக்கணும். சொல்லல. அதுவும் என் தப்புத்தான்."

தன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான், பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல?

ஆனால் அங்கே நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அன்பரசி ஆன்ட்டியின் முகம் வெளிறிப்போயிற்று. "பால் பொங்கினது சரி. பொங்கின பாலே அடுப்ப அணைச்சிருச்சேக்கா" என்றார் என் அம்மாவிடம். சம்மந்தி மறுபடியும் அக்கா ஆகிவிட்டார். "எங்க வீட்டுல இப்படி நடந்ததே இல்ல. மனசுக்கு என்னமோ சரியாப் படல. இன்னொரு நாள் பேசுவோமே." பையை எடுத்து ஜிப்பை இழுத்தார்.

என் அம்மா என் காதருகே வந்து, "எல்லாம் உன்னால. நாளைக்கே அந்த ரவாங் பக்கத்து வரனுக்கு ஃபோன் பண்றேன். தட்ட எடுத்துக் கழுவி வை" என்றாள். அவளுக்கும் ஆசைதான், பாவம்.

அவர் மண்டியிட்டு, தகட்டைத் துணியால் பிடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போனால் பிஸ்கட் டின்னை மூடிவிடுவார், வண்டியில் ஏறிவிடுவார், நான் சேலையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருவனுக்கு நடந்து காட்டுவேன். விடுவேனா?

என் பையைத் திறந்து என் அடுப்பை எடுத்தேன். நான் எங்கே போனாலும் அது கூடவே வரும். மணலில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஸ்பிரிட் மிச்சம் இருக்கா?"

அவர் போத்தலை ஆட்டிப் பார்த்தார். "ஒருவாட்டிக்கு வரும்."

"போதும். அந்தத் தரையோட்டக் கழுவுங்க. சட்டியையும்."

"எதுக்குங்க? நான்தான் தோத்துட்டேனே."

"அடுப்பு அணைஞ்சா மறுபடியும் பத்த வைக்கறதுதானே? மலையில எத்தன தடவ அணைஞ்சிருக்கு எனக்கு. அதுக்காக எறங்கியா வந்துட்டேன்? சீக்கிரம் லா, ஆன்ட்டி ஜிப் போட்டுட்டாங்க."

அவர் சட்டியையும் தரையோட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். உண்மையாகவே ஓடினார், வெள்ளைச் சட்டை காற்றில் உப்ப. கழுவிய சட்டியில் தண்ணீரோடு திரும்பி வந்ததும் இருவரும் குனிந்தோம். என் அடுப்பு அவருடையதைவிடக் குட்டை. அவருடைய தாங்கிக்குக் கீழே வைத்தால் சட்டி எட்டாத உயரத்தில் நின்றது.

"பாத்தீங்களா, ரெண்டு விரல்னா இப்படித்தான்."

"உங்க அடுப்பு கட்டைங்க! இருங்க." பிஸ்கட் டின்னின் மூடியைக் கவிழ்த்துத் தரையோட்டின் மேல் வைத்து, அதன்மேல் என் அடுப்பை உட்கார வைத்தார். பொருந்தியது. "இப்ப?"

"இப்ப ஸ்கிரீன். இங்க குடுங்க." தகட்டின் கொக்கியை நான் ஒரு துளை தள்ளி மாட்டினேன். சட்டியைச் சுற்றி ஒரு விரல் இடம் வந்தது. விரலை விட்டுச் சுற்றிக் காட்டினேன். அவர் தன் விரலையும் விட்டுச் சரிபார்த்தார். உடனே திருப்பிச் சொன்னார், "காத்து வர்ற பக்கம் தொளைய அடைக்கணும்." அது சரியான பேச்சு. மணலை அள்ளிக் கடல் பக்கத் துளைகளை மூடினேன். கரைப் பக்கத்தை அவர் திறந்துவிட்டார்.

பற்ற வைத்தோம். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. அப்பா வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் கால்களை அகட்டி நின்றார். மூன்றாவது குச்சி பிடித்தது. சவுக்கு இலையை நீட்டினேன். நுனி சிவந்து சுருண்டது.

"எரியுது!" என்று கத்தினோம் இருவரும்.

அன்பரசி ஆன்ட்டி பையோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள், "மாரியாத்தா, இந்தத் தடவையாவது நல்லாக் கொதிக்கணும். கொதிச்சிருச்சுன்னா எல்லாம் சரியாயிரும்."

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் சுரீரென்றது. கொதித்தால் கல்யாணம், கொதிக்காவிட்டால் தட்டு. முடிவைப் பாலிடமிருந்து பிடுங்கித் தண்ணீரிடம் கொடுக்கிறார்கள். நான்தான் இந்தப் போட்டியையே வைத்தேன், அது சரி. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளத்தான் வைத்தேன். அதுதான் தெரிந்துவிட்டதே, இனி எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

எழுந்து கையிலிருந்த மணலைத் தட்டினேன்.

"அம்மா, ஆன்ட்டி, இங்க பாருங்க. தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். அப்புறம் தண்ணி கொதிச்சுது, அதனாலதான் இவ ஒத்துக்கிட்டான்னு யாரும் சொல்லக்கூடாது."

"ஏய் தனேசு, என்னடி பேசற?"

"நீ சும்மா இரும்மா!" சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் மண்டியிட்டபடியே தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நான் கேட்டுவிட்டேன். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. நான் உங்களக் கட்டிக்கிறேன். உங்களுக்கு இஷ்டமா?"

அன்பரசி ஆன்ட்டியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. மாப்பிள்ளை என்னவோ சொன்னார். உதடு அசைந்தது, காற்று மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"என்னடா சொன்ன?" என்றார் ஆன்ட்டி.

"எனக்கும் கேக்கல," என்றேன். "சத்தமாச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். தன் அம்மாவைப் பார்க்கவில்லை, என் அம்மாவைப் பார்க்கவில்லை, சட்டியைக்கூடப் பார்க்கவில்லை. வாயைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, ஓரடி தள்ளி நிற்கிற என்னைப் பார்த்துக் கடற்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"எனக்கும் இஷ்டம்னு சொன்னேங்க!"

தண்ணீர் அப்போதும் கொதித்திருக்கவில்லை.